கோமதிக்குத் துட்டி சொன்ன கதை

தட்டோடு போனதுதான் தப்பு. போகும்போது காவியாவுக்கு அது தெரியவில்லை. முறை தெரிந்தவளாக நடந்துகொள்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் இருந்த பையை மடியை விட்டு இறக்கவில்லை. ஒரு கவுளி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்புப் பழம், சின்னச் சிமிழில் குங்குமம், எல்லாவற்றுக்கும் மேலே அவளோடு இருக்கிற ஜெஸ்லின் அச்சடித்துக் கொண்டுவந்த நோட்டீஸ். ஐப்பசி கடைசி. கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேருகிறவரை மழை பஸ்ஸை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.

காவியா திருநங்கை. வயது நாற்பத்திரண்டு. ராஜபாளையம் ரோட்டில் வேல்சாமி அண்ணாச்சி எண்ணெய் டின் அடுக்கிவைத்திருக்கும் கிட்டங்கிக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு முதல் ஈடு இறங்கிவிடும். தறிக்குப் போகிறவர்களுக்கும் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும் அவள் கடையில் நாலு இட்லியைப் பிட்டுப் போட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பசி என்று வந்து நின்ற யாரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

கோமதி அவளுடைய மகள். பெற்ற மகள் இல்லை. திருநங்கைகளுக்குள் பெரியவள் ஒருத்தி நாலு பேர் முன்னால் சின்னவளை மகளாக ஏற்றுக்கொண்டால், அதன்பிறகு அம்மா அம்மாதான், மகள் மகள்தான். கோமதியம்மன் ஊரில் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. அந்தப் பேரை இவள் ஆசைப்பட்டுத் தானே வைத்துக்கொண்டாள். பெற்ற வீட்டில் வைத்த பேர் இந்தக் கதைக்கு வேண்டாம். அவளே வேண்டாமென்று விட்டுவந்த பேர்தானே அது.

தறிக்கூடங்களுக்கு ஸ்கூட்டியில் இட்லிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவந்தவள் கோமதி. போன தை மாதம் ஒரு சாயங்காலம் மூன்று பேர் வண்டியை மறித்தார்கள். முதலில் கேலி, பிறகு அடி. இருபத்தாறு வயதோடு முடிந்துபோயிற்று. கேஸ் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்த சொந்தம் யார் என்று கேட்டார்கள். காவியா வாசலில் நிற்க, கரிவலத்திலிருந்து அம்மாவும் அண்ணனும் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார்கள். இடுப்பு வரை வளர்த்திருந்த முடியை வெட்டி, வேட்டி கட்டி, ஆம்பிளைப் பிள்ளை என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். அந்த முடியை நினைத்தால் காவியாவுக்கு இன்றும் சோறு இறங்காது.

கோமதியின் அம்மா பார்வதியம்மாள் தொழுவத்தில் ஆடுகளுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். காவியா கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தைத் தாண்டிப் போய்த் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"யக்கா, நான் காவியா. சங்கரன்கோவில்ல இருந்து வாரேன்."

"தெரியுது. ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன்."

"வார இருபதாந்தேதி, வியாழக்கெழம சாயங்காலம். நம்ம கோமதிக்கும், அவள மாதிரி அடிபட்டுச் செத்த பிள்ளைகளுக்கும் வெளக்குப் பொருத்தி, பேரச் சொல்லிக் கொஞ்ச நேரம் நிக்கப் போறோம். ஒலகம் பூரா அன்னைக்கு இப்படி நிப்பாங்களாம்க்கா. நீங்க வரணும். மொத வெளக்க நீங்கதான் பொருத்தணும்."

பார்வதியம்மாள் நோட்டீசைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்தாள்.

"இது என்னது?"

"வெத்தல பாக்குக்கா."

"குங்குமம் வேற வச்சிருக்க. காதுகுத்தா, கலியாணமா? எம் பிள்ள செத்ததுக்கு எனக்கே தட்டு வச்சு அழைக்கியோ?"

காவியா தட்டைச் சற்றுத் தாழ்த்தினாள். "மரியாதையாக் கூப்பிடணும்னுதான்..."

"நல்லதுக்கு அழைச்சாப் போகணும், கெட்டதுக்குக் கேட்டாப் போகணும். ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச மொற ஒனக்குத் தெரியாது. நீ எங்கிட்டு அவனுக்கு அம்மையா இருந்த?"

அதற்குள் பேச்சிராஜ் உள்ளேயிருந்து வந்துவிட்டான். கோமதிக்கு மூத்தவன். மக்காச்சோளக் காட்டில் களையெடுத்த சேறு முழங்கால் வரை ஒட்டியிருந்தது. நோட்டீசை எடுத்தான். அதில் பச்சைச் சேலையில் கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் போன போக்கைக் காவியா பார்த்தாள். கோபம் கொஞ்சம், வெட்கம்தான் நிறைய.

"இந்தப் போட்டோவ நாலு பேரு பாக்க வைக்கப் போறியளோ? எந் தம்பி மானத்த ரோட்டுல வச்சு ஏலம் போடப் போறியளோ? வச்சுப் பாருங்க. வந்து கிழிச்சு எறிஞ்சிருவேன்."

"தம்பி இல்லய்யா, அவ..."

"போயிருங்க."

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். கொண்டுபோன பழம் அப்படியே திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் ஜெஸ்லினுக்குப் புரிந்துவிட்டது.

ஜெஸ்லின் காவியாவோடு இருக்கிற இன்னொரு மகள். வாசுதேவநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வீட்டைவிட்டு வந்து நாலு வருஷமாகிறது. போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று முறை நடந்து அனுமதி வாங்கியது அவள்தான். தெரிந்த ஊர்களுக்கெல்லாம் போன் போட்டு, செத்துப்போனவர்களின் பேர்களைக் கேட்டுச் சேர்த்தவளும் அவள்தான். கோமதியோடு சேர்த்துப் பதினோரு பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குப் போட்டோ கிடைக்கவில்லை. பேரை மட்டும் அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

"அவங்க வந்துதான் என்ன ஆகப்போகுதும்மா?" என்றாள் ஜெஸ்லின், உளுந்து கழுவிக்கொண்டே. "நம்ம பிள்ளைக புளியங்குடியில இருந்து வாராங்க, ராயகிரியில இருந்து வாராங்க. தறிக்காரங்க வாரோம்னு சொல்லியிருக்காங்க. வெரட்டி விட்டவங்க காலுல போயி எதுக்கு விழணும்?"

"ஒனக்கு வெளங்காதுட்டி."

"என்ன வெளங்காது? எங்க வீட்டுல நாலு வருசமா எனக்கு ஒரு போன் இல்ல. நான் அழுதுக்கிட்டா கெடக்கேன்?"

ராத்திரி இந்தப் பிள்ளை தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வது காவியாவுக்குத் தெரியாதா என்ன. ஜெஸ்லின் கையிலிருந்த உளுந்துச் சட்டியை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அவள வேட்டி கட்டிப் பொதைச்சிட்டாங்கட்டி. வேற யாரோவாப் போயிட்டா அவ. பெறந்த வீட்டுல இருந்து ஒத்த வாயி அவள கோமதின்னு கூப்பிட்டுட்டா போதும். வெளக்கு எரியட்டும், எரியாமப் போகட்டும். எனக்கு அது ஒண்ணுதான்."

மூன்று நாள் மழை விடவில்லை. தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகாது என்கிற ஒரு நன்மையைத் தவிர மழைக்காலத்தில் இட்லிக்கடைக்கு வேறு நன்மை கிடையாது. சாக்கை உதறிப் போட்டு, அதன்மேல் நின்று ஈடு எடுத்துக்கொண்டிருந்தாள் காவியா. வேல்சாமி அண்ணாச்சி வழக்கம்போல இரண்டு இட்லியும் நிறையச் சாம்பாருமாக உட்கார்ந்திருந்தார். விளக்குப் பொருத்தக் கிட்டங்கிக்கு முன்னால் இடம் கொடுக்க முதலில் ரொம்ப யோசித்தவர் அவர். "போலீசு பேப்பர் இருந்தாத் தாரேன். இல்லேன்னா எனக்கெதுக்கு வம்பு?" என்றார். பேப்பர் வந்ததும், "சேர் வேணுமா? எங்கிட்ட நாப்பது கெடக்கு" என்று அவரே கேட்டார். மனிதர் அப்படித்தான். கதவைத் திறக்கத்தான் நேரமாகும்.

அவருக்கு எதிரே காசி உட்கார்ந்திருந்தான். லோடுமேன். பசிக்காரன். எட்டு இட்லியில் மூன்றுதான் முடிந்திருந்தது. அந்நேரம் ஒருவன் மொபெட்டில் வந்து நின்றான். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"காசி மச்சான். ராயகிரி அத்த காலம்பற தவறிட்டா. மூணு மணிக்கு எடுக்காங்க."

"ஏ எம்மா" என்று எழுந்தான் காசி.

"நனைஞ்சு வந்திருக்கீயளே, ஒரு வா காப்பி குடிங்க" என்றாள் காவியா, வந்தவனிடம்.

"துட்டி சொல்ல வந்தேன். பச்சத்தண்ணி குடிக்கப்பிடாது" என்றவன், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சாவுச் செய்தி சொல்ல வந்தவன் அப்படிச் சொல்லவும் மாட்டான். காசி கையைக் கழுவினான். சாம்பாரில் ஊறிக்கிடந்த ஐந்து இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழைக்குள் இறங்கினான்.

காவியா இட்லித்தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். வந்தவன் கெஞ்சவில்லை. வரணும் என்று கூப்பிடக்கூட இல்லை. சொன்னான், காசி போய்விட்டான்.

"ஏளா, ஆவி போகுது பாரு" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி" என்றாள். அவள் வேறெதற்கோ ஆமாம் சொன்னாள்.

பதினோரு மணிக்குக் கடையை எடுத்துவைத்துவிட்டு, கையில் குடையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கரிவலம் பஸ்ஸில் ஏறினாள். ஜெஸ்லினிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள்.

இந்தமுறை தொழுவம்வரை போகவில்லை. முற்றத்திலேயே நின்றாள். பார்வதியம்மாள் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜ் தாழ்வாரத்தில் களைக்கொத்துக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான். அவன் வாய் திறப்பதற்குள் காவியா சொல்லிவிட்டாள்.

"யக்கா, துட்டி சொல்ல வந்திருக்கேன். எங்க வீட்டுப் பிள்ள கோமதி தவறிட்டா. தை மாசம் பதினேழாந்தேதி, சாயங்காலம். அடிச்சுக் கொன்னுட்டாங்க. வயசு இருவத்தாறு."

பார்வதியம்மாள் கையில் சுளகு நின்றது.

"ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. போலீசுக்காரங்க வேற பேரத்தான் சொல்லியிருப்பாங்க. வளத்தவ நான் அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். எனக்குப் பயம். சொல்லாம விட்டுட்டேன். வார வியாழக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு, சங்கரன்கோவில்ல, வேல்சாமி அண்ணாச்சி கிட்டங்கி முன்னால."

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள்.

"இந்தாரு, நில்லு" என்றது பார்வதியம்மாளின் குரல். "மழை கொட்டுது. ஒரு வா தண்ணி குடிச்சிட்டுப் போ."

"துட்டி சொல்ல வந்தேன்க்கா."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வந்தது. கார்த்திகை பிறந்துவிட்டதால் அகல்விளக்குக்குப் பஞ்சமில்லை; கடைவீதி முழுக்க குவித்துப் போட்டிருந்தார்கள். தையல்கார ஷம்சாத் பேகம் தன் வீட்டுப் பெரிய கேனில் கருப்பட்டிச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்து இறக்கினாள். "மய்யத்து வீட்டுல அழுதா தொண்ட காஞ்சு போகும், வச்சுக்கோ" என்றாள். ஐந்தரைக்கு மழை பிடித்துக்கொண்டது. விளக்கு, சேர், பெஞ்சு எல்லாவற்றையும் எல்லாருமாகத் தூக்கிக் கிட்டங்கியின் தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். அண்ணாச்சி எண்ணெய் டின்களைத் தானே நகர்த்தி இடம் செய்தார்.

நீள பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, சுவரோரமாகப் பதினோரு பேரையும், போட்டோவாகவும் அட்டையாகவும், வரிசையாகச் சாய்த்து வைத்தாள் ஜெஸ்லின். நடுவில் பச்சைச் சேலையில் கோமதி. இருபது திருநங்கைகள் வந்திருந்தார்கள். தறிக்காரர்கள் கைலியைத் தழையவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். காசியும் வந்திருந்தான். எல்லாம் சேர்த்து எழுபது பேர் இருக்கும்.

ஆறு மணியாயிற்று. ஆறேகாலாயிற்று. காவியா தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆரம்பிச்சிருவோமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜெஸ்லின்.

"செத்த நேரம் இரு."

"எல்லாரும் தூரமாப் போகணும்மா."

"சரி. ஆரம்பி."

ஜெஸ்லின் முதல் பேரை வாசிக்கப் போகும்போது, வாசலருகில் நின்ற காசி ஓடிவந்தான்.

"யக்கா, தெருமொனையில ஆளுக நிக்காங்க. அஞ்சாறு பேரு. கோமதியோட அண்ணங்காரன் நிக்கான். உள்ள வரமாட்டேங்கான். அங்கனயே நின்னு மொறச்சுப் பாக்கான்."

கொட்டகைக்குள் சலசலப்பு. தறிக்காரர்கள் இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டினார்கள். காவியா பெஞ்சுப் பக்கம் ஓடினாள். கிழித்து எறிவேன் என்றவன் ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். துட்டி சொல்லப் போனதும் தப்பாகிவிட்டது.

"போட்டோவ எடுத்து உள்ள வச்சிருட்டி" என்றாள்.

"மாட்டேன்" என்றாள் ஜெஸ்லின். போட்டோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

வேல்சாமி அண்ணாச்சி வாசலுக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் அப்படியே தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏளா காவியா, அந்தம்மா கையில தாம்பாளம் இருக்கு, மேல துண்டு போட்டு மூடியிருக்கு. அது கோடித் தட்டுல்லா! நீ போயி எதிர்கொண்டு கூட்டிட்டு வராம அவங்க எப்படி நடையேறுவாங்க?"

வாழப்போன இடத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். ஆயிரம் பேர் மாலை போட்டாலும் அது வராமல் எடுக்க மாட்டார்கள். கொண்டுவருகிறவர்கள் தெருமுனையிலேயே நிற்பார்கள். அவள் வாழ்ந்த வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். காவியாவுக்குத் தெரியாததில்லை. எத்தனையோ சாவு வீட்டில் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்கு ஒரு கோடி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

செருப்பைக்கூடப் போடாமல் மழையில் ஓடினாள். பின்னாலேயே ஜெஸ்லின்.

பார்வதியம்மாள் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பேச்சிராஜ் அவள் தலைக்குமேல் குடை பிடித்து, தான் முழுக்க நனைந்துகொண்டிருந்தான். பின்னால் கரிவலத்து உறவுக்காரர்கள் நாலு பேர்.

"எவ்வளவு நேரம்தான் நிக்க, மதினி?" என்றாள் பார்வதியம்மாள். காவியாவைத்தான், சம்பந்தி முறை வைத்து, அப்படிக் கூப்பிட்டாள். "நீ சொல்லிட்டுப் போன அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்புப் பத்த வைக்கல. இவனும் பட்டினிதான். அடுத்த நாளு எந்திச்சு, கேட்ட துட்டிக்குப் போகாம இருக்க முடியுமாம்மான்னு இவன்தான் கேட்டான்."

பேச்சிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கடையில போயி, தங்கச்சிக்குன்னுதான் கேட்டு வாங்கினேன். என்ன கலரு பிடிக்கும்னு எனக்குத் தெரியல."

"அவளுக்கு எந்தக் கலருதான்யா பிடிக்காது" என்றாள் காவியா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

கொட்டகை வாசலை மிதித்ததும் பார்வதியம்மாள் தட்டை மகனிடம் கொடுத்துவிட்டுக் காவியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரியே, நெற்றியோடு நெற்றி முட்ட, ஆடி ஆடி அழுதாள். "முடிய வெட்டிட்டேனே, மதினி. எங்கையால வெட்டிட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காவியாவின் உடம்பை இப்படிப் பிடித்துக்கொண்டு இதுவரை யாரும் அழுததில்லை. கோமதிக்காக யாரும் அவளிடம் துக்கம் கேட்டதில்லை. பத்து மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது. புளியங்குடிக்காரிகளும் ராயகிரிக்காரிகளும் வந்து அவர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஷம்சாத் பேகம் பார்வதியம்மாளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுகை ஓய்ந்தபோது பார்வதியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் போனாள். பச்சைச் சேலைப் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். தட்டிலிருந்து அரக்குக் கலர் கோடிச் சேலையை எடுத்து, மடிப்போடு அதன்மேல் சார்த்தப் போனவள், பக்கத்தில் இருந்த அட்டைகளைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"இந்தப் பிள்ளைக எல்லாம் யாரு?"

ஜெஸ்லின் ஒவ்வொருவரையும் காட்டிப் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். பேர் வாசிப்பு அப்படித்தான் நடந்தது. எழுபது பேரும் எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் வந்து ஒரு விளக்கைப் பொருத்தினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் அட்டை வந்தபோது, வேல்சாமி அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இவங்களுக்கெல்லாம் பெறந்த வீட்டுல இருந்து கோடி வந்துச்சா?" என்று கேட்டாள் பார்வதியம்மாள்.

"இல்ல பெரியம்மா" என்றாள் ஜெஸ்லின். "ஒருத்தருக்கும் வரல."

பார்வதியம்மாள் சேலையின் மடிப்பை ஒவ்வொன்றாக உதறிப் பிரித்தாள்.

"ஏலே பேச்சிராசு, அந்த முந்தியப் பிடி. மதினி, நீ இந்த நுனியப் பிடி. மொகத்த மூடிராதீங்க. கழுத்து வரைக்கும் போதும்."

பேச்சிராஜ் ஒரு பக்கமும் காவியா மறுபக்கமும் பிடித்துக்கொண்டு போக, சேலை பெஞ்சு நெடுகிலும் விரிந்தது. ஒவ்வொரு போட்டோவுக்கும், ஒவ்வொரு அட்டைக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி பார்வதியம்மாள் ஒதுக்கி ஒதுக்கி விட்டாள். ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேருக்கு வந்துவிட்டது. கடைசி அட்டைக்கு ஒரு சாண் குறைந்தது. அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைதான் அங்கே இருந்தது.

பேச்சிராஜ் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. நடுவில், கோமதியின் போட்டோவுக்கு அடியில் சேலை இரண்டு மடிப்பாகத் திரண்டு கிடந்தது. அம்மாவின் கை அங்கே மட்டும் தாராளமாக விட்டிருந்தது.

பார்வதியம்மாள் போட்டோவுக்கு முன்னால் குனிந்தாள்.

"கோமதி, நீ கொஞ்சம் விட்டுக் குடு தாயி. சின்னப் பிள்ளைக்கு எட்டலையாம்."

மடிப்பை எடுத்துவிட்டாள். பேச்சிராஜ் மெதுவாக இழுத்தான். சேலை கடைசிப் பிள்ளைக்கும் எட்டியது.